செட்டியாரைத் தூங்க வைத்தது யார்?

7

"செட்டியார் செத்துட்டாரா சார்?" என்று கேட்டாள் ஸ்வப்னா.

கொலுப்படிகளுக்கு முன்னால் மண்டியிட்டிருந்த துப்பறிவாளர் மாணிக்கவாசகம் திரும்பிப் பார்க்கவில்லை. "தூங்கறார். சத்தம் போடாதே."

செட்டியார் ஒரு சாண் உயர மண்பொம்மை. தொந்தியும் சந்தனப் பொட்டுமாக, எதிரே அரிசி, பருப்பு, மிளகு என்று சின்னச் சின்னக் கிண்ணங்களைப் பரப்பிக்கொண்டு கடை நடத்துகிறவர். பக்கத்தில் அவருடைய சம்சாரம் நிமிர்ந்து உட்கார்ந்து வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் மல்லாந்து கிடந்தார்.

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அந்த வீட்டுக்காரி வத்சலா, புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். நேற்று விஜயதசமி. மாலையில் கணவரோடு கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது சமையலறைப் பின்கதவு திறந்திருந்தது. மேல்படியில் நின்ற அம்பாளின் கழுத்து வெறுமையாக இருந்தது. அதில் கிடந்த வைர அட்டிகையைக் காணோம்.

அந்த அட்டிகை வத்சலாவுடையது என்றால் இவ்வளவு அழுதிருக்க மாட்டாள். அது அடுத்த வீட்டு அருக்காணியுடையது. அருக்காணிக்கு ஈரோடு பக்கம். அவர்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமில்லை. ஆனாலும் ஒவ்வொரு நவராத்திரிக்கும் தன் அட்டிகையைக் கொண்டுவந்து, "உங்கூட்டு அம்மனுக்குப் போட்டு அழகு பாக்கலாமுங்க" என்று அவளே கொடுத்துவிட்டுப் போவாள். இந்த வருஷமும் கொடுத்துவிட்டு, மகள் கவிப்ரியாவின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மகளோடு ஊருக்குப் போயிருந்தாள். தை மாதம் கல்யாணம். அட்டிகை பெண்ணுக்குப் போடுவதற்காக வைத்திருந்தது. தாயும் மகளும் இன்று ரயிலில் திரும்புகிறார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா அவ? நம்பிக் குடுத்துட்டுப் போனா," என்றாள் வத்சலா. "சாயங்காலம் வந்து வாசல்ல நிப்பா. வத்சலாக்கான்னு வாய் நிறையக் கூப்பிடுவா. நான் எந்த மூஞ்சியோட கதவைத் திறக்கறது?"

"ரயில் எப்பவும் லேட்டாத்தான் வரும் மாமி. கவலைப்படாதீங்க," என்றாள் ஸ்வப்னா. ஆறுதல் சொல்வதில் அவள் பெரிய கெட்டிக்காரி அல்ல.

மாணிக்கவாசகம் ஒரு அமைச்சகத்தின் கண்காணிப்புப் பிரிவில் பல காலம் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறிய வந்தவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டார். யாரையும் அதட்ட மாட்டார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த ஸ்வப்னாவுக்கு அவரிடம் பிடித்ததும் பிடிக்காததும் அந்த ஒன்றுதான். சந்தேகத்துக்கு ஆளானவனிடமே 'சாப்பிட்டாயா' என்று கேட்கிற துப்பறிவாளரிடம் உதவியாளராக இருப்பது, பிரேக் இல்லாத சைக்கிளில் கேரியரில் உட்கார்ந்து போவது போல.

"திருடன் அவசரத்துல தட்டி விட்டிருப்பான்," என்றாள் வத்சலா, செட்டியாரைக் காட்டி.

"தட்டி விட்டா கிண்ணத்துப் பருப்பு சிந்தியிருக்கும்மா. ஒரு பருப்புகூட இடம் மாறலை." மாணிக்கவாசகம் செட்டியாரின் தலையை மெல்லத் தூக்கினார். அடியில் நாலாக மடித்த ஒரு துணி இருந்தது. "அதோட, விழற பொம்மைக்குத் தலையணை யாரு வெச்சா?"

ஸ்வப்னா குனிந்து பார்த்தாள். "அச்சா! திருடன் பொம்மையைத் தூங்க வெச்சானா? தாலாட்டும் பாடியிருப்பானோ?"

"உங்க வீட்டுல கொலு வைக்கிறதில்லையா?"

"எங்கம்மா ஃப்ரிட்ஜ் மேல ஒரு தலையாட்டி பொம்மை வெச்சிருக்காங்க சார். அவ்ளோதான்."

"விஜயதசமி அன்னைக்கு ராத்திரி ஏதாவது ஒரு பொம்மையைப் படுக்க வெச்சாத்தான் கொலு முடிஞ்சதா அர்த்தம். அம்பாள் நகையைக் கழட்டினவனுக்கு மனசு கேக்கலை. முறைப்படி முடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கான்." பிறகு வத்சலாவைப் பார்த்தார். "அம்மா, கலசத்தை நீங்க நகர்த்தினீங்களா?"

"எங்கே? இதைப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. வெச்சது வெச்சபடி இருக்கு."

மாணிக்கவாசகத்தின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. "பாத்தியா ஸ்வப்னா? பொம்மையைப் படுக்க வெச்சவன், கலசத்தைக் கொஞ்சம் வடக்கே தள்ளி வைக்கணும்கறதை விட்டுட்டான். பொம்மையைப் படுக்க வைக்கிறது வீட்டுக் குழந்தைங்க வேலை. அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவாங்க. கலசத்தை நகர்த்தறது அந்த வீட்டு அம்மா, எல்லாரும் கலைஞ்சப்புறம் செய்யற வேலை. பொண்ணுங்க பக்கத்துல நின்னு பாத்துக் கத்துப்பாங்க. பையன்க அதுக்குள்ள சுண்டலைத் தேடிப் போயிருப்பாங்க."

"அதாவது, வந்தவன் கொலு வைக்கிற வீட்டுல சுண்டல் சாப்பிட்டு வளர்ந்த ஒரு ஆம்பளை."

"ஆமாம்."

"அத்திம்பேர்!" என்றாள் ஸ்வப்னா.

அந்தப் பேரை வைத்தவளே அவள்தான். ஆறு மாதமாக டெல்லித் தமிழர் கல்யாணங்களில் நகைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. பட்டு வேட்டி கட்டிய ஒருவன் வருவான். பெண் வீட்டார் அவனைப் பிள்ளை வீட்டு அத்திம்பேர் என்று நினைப்பார்கள். பிள்ளை வீட்டார் பெண் வீட்டு அத்திம்பேர் என்று நினைப்பார்கள். இரண்டு வீட்டாரும் உபசரித்து இரண்டாவது தடவை பாயசம் ஊற்றுவார்கள். அவன் கை கழுவப் போகும்போது ஒரு வளையலும் போகும். அதே போல ஒரு பெண்ணும் கிளம்பியிருந்தாள். அவளுக்கு 'நாத்தனார்' என்று பேர். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பரம எதிரிகள் என்று மட்டும் மாணிக்கவாசகம் கண்டுபிடித்திருந்தார். அத்திம்பேர் எடுத்த ஒட்டியாணத்தை அவனிடமிருந்தே நாத்தனார் எடுத்ததும், அவள் பதுக்கிய முத்துமாலையை அவன் கொண்டுபோனதும் உண்டு.

"கொலுவுக்குப் புதுசா யாராவது வந்தாங்களாம்மா?"

"கொலுவுக்கு வரவாளை யாருன்னா கேப்பா? உக்கார வெச்சுப் பாடச் சொல்லுவோம், அவ்வளவுதான். சரஸ்வதி பூஜை அன்னிக்கு ஒரு பொண்ணு தனியா வந்தா. ரோஹிணின்னு பேர் சொன்னா. குரல் தேன். தலையில பூ இல்லாம வந்திருந்தா, என் தலைப் பூவையே எடுத்து வெச்சுவிட்டேன். அடுத்த வருஷம் ஆத்துக்காரரோட வாடின்னேன். என்னமோ கண்ணைத் துடைச்சுண்டே போனா."

ஸ்வப்னாவும் மாணிக்கவாசகமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனாரும் வந்து போயிருக்கிறாள். ஆனால் சரஸ்வதி பூஜையன்று அட்டிகை போகவில்லை. மறுநாள்தான் போயிருக்கிறது.

மாணிக்கவாசகம் தலையணைத் துணியை மூக்கருகே கொண்டுபோனார். கண்களை மூடிக்கொண்டு, கோயிலில் தீபாராதனை பார்க்கிறவர் போல ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அதை ஸ்வப்னாவிடம் நீட்டினார்.

"காபி," என்றாள் அவள்.

"டிகாக்ஷன் கறை இல்லை பாரு. இழைக்குள்ள பொடி ஏறியிருக்கு. இது அரைக்கிற மெஷினோட வாயைத் துடைக்கிற துணி. இந்தப் பக்கத்துல காபிக்கொட்டை வறுத்து அரைக்கிறது யாரு?"

"ஐ.என்.ஏ. மார்க்கெட் சார். அஞ்சு நிமிஷ நடை. ஜல்தி சலோ!"

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் கருவாடும் நேந்திரங்காயும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு மணந்தன. அந்த வருஷம் வெங்காயம் விற்ற விலையில், ஒரு கடைக்காரன் வெங்காயக் கூடையைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தன் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அத்திம்பேர் முட்டாள் சார்," என்றாள் ஸ்வப்னா. "வைரத்தை எடுத்தவன் வெங்காயத்தை எடுத்திருந்தா இதுக்குள்ள துவாரகாவுல ஃப்ளாட் வாங்கியிருக்கலாம்."

பெரியண்ணன் காபிக்கடை மார்க்கெட்டின் உள்சந்தில் இருந்தது. பெரியண்ணன் நாமக்கல்காரர், மெஷின் சத்தத்தில் பேசிப் பேசியே மெஷின் நின்ற பிறகும் கத்துகிறவர்.

கடைப் பையனைப் பற்றி மாணிக்கவாசகம் விசாரித்ததும், "அனிருத்தையா கேக்கறீங்க?" என்று கத்தினார். "தங்கமான பையனுங்க! கடைக்கு வந்து ஆறு மாசம் ஆகுது. அளவு சுத்தம், கை சுத்தம்!"

"கையா சுத்தம்?" என்று ஸ்வப்னா முணுமுணுத்தாள்.

"வீடுவீடா பொடி கொண்டுபோய்க் குடுக்கறதும் அவன்தான். லக்ஷ்மிபாய் நகர் அம்மாங்களுக்கெல்லாம் அவன்னா உசுரு. இன்னைக்கு லீவு சொல்லிட்டான். ஊருக்குப் போவணும்னான். அந்தப் புள்ளைதான் பாவம், வந்து யார்கூடச் சண்டை போடும்?"

"எந்தப் பிள்ளை?"

"தினம் ஒரு பொண்ணு வரும். அம்பது கிராம் பொடி வாங்கும். சிக்கரி ஜாஸ்தின்னு ஒரு நாள் சண்டை, கம்மின்னு ஒரு நாள் சண்டை. அவனும் விட மாட்டான். கடையே நின்னு வேடிக்கை பாக்கும்."

ஸ்வப்னா மாணிக்கவாசகத்தின் பக்கம் திரும்பினாள். "சார், இந்தக் கேஸ்ல இது என் பங்கு. ஒரு பொண்ணு தினம் அம்பது கிராம் வாங்கினா, அவ காபி குடிக்கறதுக்கு வாங்கலை."

"பின்னே?"

"உங்களுக்குப் புரியாது சார். நீங்க தேவாரம் படிங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள், சந்தின் முனையில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நீலப் புடவை, நிமிர்ந்த நடை. எந்தக் கல்யாணத்திலும் முதல் வரிசையில் கூப்பிட்டு உட்கார வைக்கும்படியான முகம். கடைக்குள் பார்வையை ஓட்டி, தேடிய ஆளைக் காணாமல் அவள் நெற்றி சுருங்கியது. "அனிருத் இன்னைக்கு லீவும்மா, ஊருக்குப் போறானாம்!" என்று பெரியண்ணன் கத்தினார்.

"ரோஹிணி," என்றார் மாணிக்கவாசகம், சொந்தப் பெண்ணைக் கூப்பிடுகிற குரலில். "சாப்பிட்டியாம்மா?"

'ஆரம்பிச்சுட்டார்' என்று ஸ்வப்னா நினைத்தாள். ஆனால் ஓடத் தயாராகத் திரும்பிய அந்தப் பெண்ணின் கால்கள், என்ன ஆச்சரியமோ, அந்தக் கேள்வியில் நின்றுவிட்டன.

"நீங்க யாரு?"

"மாணிக்கவாசகம். வத்சலா அம்மா வீட்டுலேர்ந்து வர்றேன். அவங்க நேத்துலேர்ந்து சாப்பிடலை."

ரோஹிணியின் முகத்தில் இருந்த நாத்தனார் களை கரைந்து போயிற்று. கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அட்டிகையை எடுத்தது நான்தான்," என்றாள். "அவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

"நீ எடுத்திருந்தா கலசத்தை வடக்கே நகர்த்தியிருப்பேம்மா."

அவள் விழித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "நகர்த்தலையா அந்த மடையன்?"

அதற்கப்புறம் எல்லாம் கொட்டிவிட்டாள். அந்த அட்டிகையைப் பற்றி இரண்டு பேருக்குமே தெரியும். அதை முதலில் எடுப்பவர் சொல்வதை மற்றவர் கேட்க வேண்டும் என்று பந்தயம். சரஸ்வதி பூஜையன்று அவள் போனாள். பாடி முடித்து நமஸ்காரம் பண்ணும்போது அட்டிகையின் கொக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து வத்சலா தன் தலையிலிருந்த பூவை எடுத்து அவள் தலையில் வைத்தாள்.

"எனக்கு யாரும் பூ வெச்சுவிட்டதில்லை சார். கை வரலை. வெறுங்கையோட வந்துட்டேன். மறுநாள் இவர் போய் எடுத்துண்டு வந்து, 'நான் ஜெயிச்சேன், நீ தொழிலை விடு, என்னைக் கல்யாணம் பண்ணிக்கோ'ன்னு நிக்கறார்."

"அரே வா!" என்றாள் ஸ்வப்னா. அவளுக்கு இந்தத் திருடனைக் கொஞ்சம் பிடித்துப்போயிருந்தது.

"முதல்ல அதை அந்த மாமிகிட்டத் திருப்பிக் குடு, மத்ததை அப்புறம் பேசலாம்னேன். நாளைக்குப் பாக்கலாம்னார். எனக்குப் பொறுக்கலை. அவர் அசந்த நேரம் பாத்து நானே எடுத்துட்டேன். இப்ப நேரா மாமி வீட்டுக்குத்தான் போறேன். போறதுக்கு முன்னால இவர் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

உள்ளே பளபளவென்று காபிக்கொட்டை இருந்தது.

பெரியண்ணன் மெஷினை நிறுத்திவிட்டார்.

"எங்கிட்டேர்ந்தே எடுத்துட்டார்," என்றாள் ரோஹிணி. "காலையில பஸ் ஸ்டாப்புல வழியனுப்ப வந்தார். அப்பதான். ஊருக்குப் போறேன்னு கடையில சொல்லியிருக்காரே. மும்பைக்கு டிக்கெட் வெச்சிருந்தார் சார், நான் பாத்தேன். போயிட்டார்." டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடியும் மூடினாள்.

"சார், ஸ்டேஷன்!" ஸ்வப்னா ஏற்கெனவே சந்தின் முனைக்குப் போய்விட்டாள். "பையா! ஆட்டோ! நியூ டெல்லி ஸ்டேஷன்! சார், வாங்க, மும்பை வண்டி கிளம்பறதுக்குள்ள பிடிச்சுடலாம்."

மாணிக்கவாசகம் நின்ற இடத்திலேயே நின்றார். "நாம லக்ஷ்மிபாய் நகர் போறோம்."

"அங்க என்ன இருக்கு? அழற மாமிதான் இருக்காங்க!"

"அதனாலதான்."

"சார், இப்ப தப்பான பக்கம் போனோம்னா அட்டிகையும் போச்சு, ஆளும் போச்சு. அப்புறம் மாமி அருக்காணி ஆன்ட்டிக்கு என்ன பதில் சொல்லுவாங்க?"

"தெரியும்மா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான் என்பது அந்தத் துடைப்பில் ஸ்வப்னாவுக்குத் தெரிந்தது. "ஆனா ஒண்ணு யோசி. பிடிபட்டா ஜெயில்ங்கற நேரத்துல, மண்பொம்மைக்குக் கழுத்து வலிக்குமேன்னு துணி மடிச்சு வெச்சவன் அவன். அப்படிப்பட்டவன் ஒரு அம்மாவை அழ விட்டுட்டு ரயில் ஏற மாட்டான்."

"இதைக் கோர்ட்டுல சொன்னா ஜட்ஜ் சிரிப்பார்."

"சிரிக்கட்டுமே. அவரும் நாள் முழுக்க உம்முனு உக்காந்திருக்கார்."

ஆட்டோக்காரன் இந்தியில் ஏதோ திட்டிவிட்டுப் போனான். மூன்று பேரும் நடந்தார்கள்.

வத்சலாவின் வீட்டு வாசலைப் பார்த்ததும் ஸ்வப்னா நெற்றியில் அடித்துக்கொண்டாள். வாசலில் இரண்டு பெட்டிகள், மூன்று கட்டைப்பைகள், ஒரு சாக்கு மூட்டைத் தேங்காய். வருஷம் முழுவதும் தாமதமாக வருகிற ரயில், இன்றைக்கென்று நேரத்துக்கு வந்து தொலைத்திருந்தது.

உள்ளே சோபாவில் அருக்காணி அமர்ந்திருந்தாள். வாட்டசாட்டமான உடம்பு, வெள்ளைச் சிரிப்பு. பக்கத்தில் மகள் கவிப்ரியா, கொண்டுவந்த புடவைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வத்சலா அவற்றைப் பார்ப்பது போலத் தலையாட்டினாள். மேல்படி அம்பாளுக்கு வீட்டிலிருந்த பூவையெல்லாம் சாத்தி, கழுத்து தெரியாமல் மூக்கு வரைக்கும் மாலையாக அடுக்கியிருந்தாள். அம்பாள் குளிருக்குப் போர்த்திக்கொண்டது போல நின்றாள்.

எதிரே முக்காலியில் ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். மடியில் தட்டு. தட்டில் முறுக்கு, எள்ளுருண்டை, அதிரசம்.

ரோஹிணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முறுக்கைக் கடித்த வாய் அப்படியே நின்றது.

"வாங்க வாங்க," என்றாள் அருக்காணி, தன் வீடு போல. "வத்சலாக்காவுக்கு வேண்டியவங்களா? உக்காருங்க. இந்தத் தம்பி காபிக்கடைத் தம்பியாமா. பொடி குடுக்க வந்தவரு நாங்க டாக்ஸில இருந்து இறங்கறதைப் பாத்துட்டு மூட்டையெல்லாம் தூக்கியாந்து வெச்சாரு. எத்தனை நல்ல மனசுங்க! ஒரு வா சாப்பிடாம வுட மாட்டேன்னு உக்கார வெச்சுட்டேன். தின்னு சாமி."

"போதும் மாமி," என்றான் அனிருத். "ஒரு வாய் காபி கிடைச்சாப் போதும்."

"காபி என்னத்துக்குக் கண்ணு? வெயில்ல வந்திருக்கே, மோரு குடி."

"மோர் குடிச்சாச்சு மாமி. கொஞ்சம் காபி..."

"அதிரசம் ஒண்ணு தின்னு பாரு."

"தின்னுட்டேன் மாமி. காபி இருந்தா..." அவன் வத்சலாவின் பக்கம் திரும்பினான். கெஞ்சுவது போல இருந்தது. "இப்ப நான் கொண்டுவந்தேனே, அந்தப் பொடியிலயே போடுங்களேன்."

"நான் பொடியே கேக்கலையேப்பா," என்றாள் வத்சலா, எங்கேயோ இருந்து பேசுகிற குரலில். "அங்கே அலமாரியில வெச்சிருக்கேன்."

ஸ்வப்னாவின் மூளையில் ஒரு மணி அடித்தது. நாள் முழுவதும் காபிப்பொடிக்கு நடுவில் நிற்கிறவன், அலுத்துப்போய் மோர் கேட்பான், இளநீர் கேட்பான். காபிக்கடைக்காரன் வந்த இடத்தில் காபிக்குக் கெஞ்சுவானா? அதுவும் யாரும் கேட்காமலே தான் கொண்டுவந்த பொட்டலத்திலிருந்து?

"மாமி, நான் போடட்டுமா காபி?" என்று எழுந்தாள்.

மாணிக்கவாசகம் கண்ணை மூடித் திறந்தார். "அவளுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. ஆனா போகட்டும், விடுங்க."

சமையலறை அலமாரியில் பழுப்புக் காகிதப் பொட்டலம் கனமாக இருந்தது. ஸ்வப்னா நூலைப் பிரித்து விரலை விட்டாள். பொடிக்குள் ஏதோ சில்லென்று தட்டியது. இழுத்தாள். பழுப்புத் தூளை உதறிக்கொண்டு, ஒவ்வொரு கல்லாக, அட்டிகை வெளியே வந்தது.

"மாமி," என்று கூப்பிட்டாள். "சர்க்கரை எங்க இருக்கு, வந்து காட்டுங்களேன்."

வத்சலா வந்தாள். பார்த்தாள். அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காபிப்பொடி கன்னத்திலெல்லாம் ஒட்டியது.

"அம்மா, தாயே," என்றாள் மெதுவாக.

"ஜல்தி மாமி. பொடியைத் துடைச்சுட்டு, மாலை சரி பண்ற மாதிரி போய் பூவுக்கு அடியில போட்டுடுங்க. அருக்காணி ஆன்ட்டி கேக்கும்போது கழட்டிக் குடுங்க. யாருக்கும் எதுவும் தெரியாது."

வத்சலா தலையாட்டினாள். தலைப்பால் ஒவ்வொரு கல்லாகத் துடைத்தாள். ஸ்வப்னா பின்தொடரக் கூடத்துக்குப் போனாள். அம்பாளின் மாலைகளை விலக்கக் கை நீட்டினாள். அருக்காணிக்கும் கவிப்ரியாவுக்கும் மட்டும் அந்தக் கையில் இருப்பது என்ன என்று தெரியாது. மற்றவர்கள் அந்தக் கையையே பார்த்தார்கள்.

கை பாதி வழியில் நின்றது.

வத்சலா திரும்பினாள். "அருக்காணி," என்றாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் அட்டிகை நேத்து சாயங்காலத்துலேர்ந்து இந்தாத்துல இல்லை. திருட்டுப் போயிடுத்து. இப்பத்தான் கிடைச்சுது. சொல்லாமலே இருந்துடலாம்னு பாத்தேன். முடியலை. நீ என்னை நம்பிக் குடுத்தே. நான் பத்திரமா வெச்சுக்கலை."

அட்டிகையை நீட்டினாள். ஸ்வப்னாவுக்கு ஓடிப்போய் அந்த வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. இவ்வளவு பாடுபட்டு, கடைசிப் படியில் நின்றுகொண்டு, இந்த மாமி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளே! மாணிக்கவாசகத்தைப் பார்த்தாள். அவர் கண்கள் நனைந்திருந்தன.

அருக்காணி அட்டிகையை வாங்கிக்கொண்டாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "ஆரு எடுத்தாங்க?"

முக்காலியில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. "நான்தான் மாமி," என்றான் அனிருத். எழுந்து நின்றான்.

"நானும்தான்," என்று வாசலிலிருந்து வந்தாள் ரோஹிணி. "அவர்கிட்டேர்ந்து நான் எடுத்தேன்."

"நீ எதுக்குடி நடுவில வர்றே? நான் எடுத்ததை நான்தானே திருப்பணும்?"

"நான் திருப்பறதுக்குன்னு வெச்சிருந்ததை நீ எதுக்கு எடுத்தே? ஊருக்குப் போறேன்னு பொய் வேற!"

"பொய்யில்லை, இதைக் குடுத்துட்டுப் போறதாத்தான் இருந்தேன். நீ எனக்கு எங்க சரி சொல்லப்போறேன்னு..."

"கேட்டியா ஒழுங்கா? பந்தயத்துல ஜெயிச்சவன் மாதிரி அதிகாரம் பண்ணினா யாராவது சரின்னு சொல்லுவாங்களா?"

"சிக்கரியைப் பத்திச் சொல்லலை ரெண்டு பேரும்," என்றாள் ஸ்வப்னா.

மாணிக்கவாசகம் நடுவில் வந்தார். "பிள்ளைங்களா, சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். இந்த ஒண்ணு வீடு வந்து சேர்ந்துடுச்சு. மத்த வீடுகள்ல எடுத்ததும் போய்ச் சேரணும். நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் என்கூட இன்ஸ்பெக்டர்கிட்ட வரணும். உங்களுக்காக நான் பேசுவேன். தண்டனை எதுவோ அதை வாங்கிக்கத்தான் வேணும். வருவீங்களா?"

அனிருத் ரோஹிணியைப் பார்த்தான். "வர்றோம் சார்," என்றான்.

"ரெண்டு பேரையும் தனித்தனி ஜீப்புலதான் கூட்டிட்டுப் போவாங்களா சார்?" என்று கேட்டாள் ரோஹிணி.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அருக்காணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அட்டிகையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிறையக் கல் இருக்கிற அந்த நடுப்பதக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு வத்சலாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, இதுக்கா நேத்துல இருந்து சோறு திங்காம இருக்கறீங்க? மூஞ்சி வாடிக் கிடக்குதேன்னு வந்ததுல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கறேன். போனா இன்னொண்ணு செய்யறதுதானுங்க. உங்களை ஆரு செஞ்சு தருவாங்க?"

வத்சலா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கவிப்ரியா எழுந்து போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அருக்காணி இப்போது ரோஹிணியின் பக்கம் திரும்பினாள். மேலும் கீழும் பார்த்தாள். ஒரு ஆட்டுக்குட்டியை வாங்குவதற்கு முன் பார்ப்பது போன்ற பார்வை. அதில் கோபம் இருந்தது. எடை போடுவதும் இருந்தது. ஒரு முடிவுக்கு வந்தவளாகக் கையை நீட்டினாள்.

"இந்தா கண்ணு. எம்புள்ளைக்கு அளவு சரியா இருக்குதான்னு பாக்கோணும். நீயே போட்டு வுடு."

ரோஹிணி பின்வாங்கினாள். "நானா?"

"நீதான். புடி."

ரோஹிணி வாங்கினாள். கவிப்ரியா முதுகைக் காட்டி, பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்வப்னாவுக்கு நன்றாகத் தெரியும்: நாத்தனார் ஒரு கொக்கியை, கூட்டத்துக்கு நடுவில், பேசிக்கொண்டே, போட்டிருக்கிறவளுக்கே தெரியாமல் கழற்றி விடுவாள். அந்த விரல்கள் இப்போது அட்டிகையின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு தடுமாறின. கொக்கி வளையத்தில் விழவில்லை. மறுபடி முயன்றாள். மறுபடி நழுவியது. ஒரு சொட்டுக் கண்ணீர் கவிப்ரியாவின் கழுத்தில் விழுந்தது.

"மெதுவா போடுங்க அக்கா," என்றாள் கவிப்ரியா. "அவசரமில்லை."

அனிருத் கிட்டே வந்தான். அட்டிகையைத் தொடவில்லை. கொலுவில் எரிந்துகொண்டிருந்த சின்னக் குத்துவிளக்கை எடுத்து, ரோஹிணியின் விரல்களுக்கு வெளிச்சம் விழும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை கொக்கி விழுந்தது.